வெள்ளைத் தூளும் வாளி வரிசையும்

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் தண்ணீர் நாறத் தொடங்கியது மழை பொய்த்த ஒரு வருடத்தில். எழுபதுகளின் பிற்பகுதி. மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் கோப்பெங்கிலிருந்து உள்ளே பிரிகிற செம்மண் சாலையில் இரண்டு மைல் போனால் எங்கள் லயங்கள் வரும். மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். வரிசைக்கு ஒரு குழாய். மலையிலிருந்து வரும் ஓடையைத் தடுத்து ஒரு குட்டை கட்டி, அதன் கரையில் பம்பு வைத்திருந்தார்கள். பம்பு தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும். தொட்டியிலிருந்து அது எங்கள் குழாய்களுக்கு வரும்.

தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவுக்கும் கணக்கு எழுதும் கிராணிமார் வீடுகளுக்கும் அந்தத் தண்ணீர் இல்லை. பெரிய சாலையோரம் வந்த அரசாங்கக் குழாயிலிருந்து கிளை பிரித்து அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கிளை பங்களாவோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. மரம் ஏன் அங்கே நிற்கிறது என்று யாராவது கேட்பார்களா? அப்படித்தான் அதுவும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, ரப்பர்ப் பால் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா இல்லை. அம்மா பால் வெட்டுக்குப் போவார். தம்பி பள்ளிக்கூடம் போனான். நாங்கள் இருந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும்.

ஸ்டோரில் வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலைத் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைப்பார்கள். மறுநாள் அது மெத்தென்று கட்டியாகிவிடும். அதை உருளையில் கொடுத்து விரிப்பாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். என் வேலை தட்டுகளையும் ஆசிட் டின்களையும் கழுவுவது. நாள் முழுக்க யாரோடும் பேசாமல் செய்யக்கூடிய வேலை. அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றும் அப்படித்தான்.

அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் லேசாகப் புளித்த வாடை. இரண்டு வாரத்தில் குடத்தில் மேலே ஓர் ஏடு படிந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பள்ளத்து லயத்தில் ஓர் அக்கா இருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். தோட்டத்தில் அவர் குரலைக் கேட்டால் நாய்கூட எழுந்து உட்காரும் என்பார்கள். அவருடைய கடைக்குட்டிக்கு வயிற்றோட்டம் நிற்காமல் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து நாள் கழித்துப் பிள்ளை பிழைத்துத் திரும்பியது, ஒரு பூனைக்குட்டியின் எடையோடு.

மறுநாள் மத்தியானம் அக்கா எங்கள் மேட்டு லயத்துக் குழாயடிக்கு வந்து, எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"கண்ணால பாத்தேன். வெட்டுக்குப் போற நேரம், இன்னும் வெளிச்சம் வரல. பம்புக்காரரு தொட்டி மேல ஏறி நின்னு டின்னுல இருந்து கொட்டுறாரு. வெள்ளத் தூளு. சீனி மாதிரி."

"படிகாரமா இருக்கும்க்கா," என்றாள் ஒருத்தி.

"படிகாரம்னா பகல்ல போட வேண்டியதுதானே? எதுக்கு ஆளு இல்லாத நேரம் பாத்து ஏறணும்?"

மேட்டு லயத்துப் பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "பக்கத்துத் தோட்டத்த வித்தப்ப, ஆளுங்க உள்ள இருக்கும்போதே கூரைத் தகரத்தக் கழட்டுனானுங்க. அங்க கூரை. இங்க தண்ணி."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் பொருந்திவிட்டது. தோட்டத்தை விற்கப்போகிறார்கள், எங்களைக் கிளப்ப வேண்டும், நோட்டீஸ் கொடுத்தால் தொழிற்சங்கத்துக்காரர்கள் வருவார்கள், அதனால் தண்ணீரில் மருந்து கலக்கிறார்கள், நாங்களே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவோம்.

பம்புக்காரர் நல்ல மனிதர். எல்லோரும் "பம்பண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து சொன்னார்: "பிளீச்சிங் தூளு. தண்ணி நாறுதுன்னு டிரெசர்தான் குடுத்தாரு, ஆளுங்க தண்ணி புடிக்கிறதுக்கு முன்னாடியே போடச் சொல்லி. அவரையே கேளுங்க."

டிரெசர் என்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அவரும் ஆமாம், நான்தான் கொடுத்தேன் என்றார். அதற்கு அக்கா கேட்டது ஒன்றுதான்.

"டிரெசருக்கு வீடு யாரு குடுத்தது?"

"துரை," என்றது கூட்டம்.

"பின்ன?"

இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது. மறுக்கிறவர் ஒவ்வொருவரும் சதியில் இன்னோர் ஆள் ஆனார். கிராணி வந்து சிரித்தார். "பாத்தியா, சிரிக்கிறான்" என்றார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாயே திறக்கவில்லை. "பாத்தியா, பேச மாட்டேங்குறான்" என்றார்கள். ஆனால் நான் அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். தோட்டம் விற்கப்படுமா இல்லையா என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. குடியுரிமை கிடைக்காத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை நின்றபோதும் முதல் நாள் மாலை வரை யாரும் சொல்லவில்லை. எதையுமே சொல்லாதவர்களைப் பற்றி எதையும் நம்பலாம் என்று ஆகிவிடுகிறது.

அந்த நம்பிக்கை செய்த காரியத்தையும் நான் பார்த்தேன். மேட்டு லயமும் பள்ளத்து லயமும் திருவிழாவில் யார் முதலில் கரகம் எடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு நாலு வருடம் முகம் பார்க்காதவர்கள். அந்த வாரம் இரண்டு லயத்துப் பெண்களும் ஒரே குழாயடியில் நின்று பேசினார்கள். அங்கேதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது.

"நம்ம தண்ணியில மருந்து இருக்கு. அவங்க தண்ணியில இல்ல. சரி, அவங்க தண்ணியையே குடிப்போம். எடு வாளிய!"

மறுநாள் மூன்று மணிக்கு, வெட்டு வேலையெல்லாம் முடிந்தபின், ஐம்பது அறுபது பெண்கள் வாளியோடு பங்களாவுக்கு நடந்தார்கள். முக்கால் மைல். பங்களா கேட்டில் வயதான பஞ்சாபி ஜாகா ஒருவர் காவலுக்கு இருந்தார். அவர் பதறிப்போய் எழுந்து, என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார்: "ஆபா மாவு? ஆபா மாவு?"

"ஆயேர்," என்றார் அக்கா, வாளியைக் கவிழ்த்துக் காட்டி. "தண்ணி, பாய்ஜி. வேற ஒண்ணும் வேணாம்."

கத்தவில்லை. கேட்டைத் தள்ளவில்லை. வேலைக்கும் யாரும் மட்டம் போடவில்லை. கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். கடைசியில் பங்களாச் சமையல்காரர் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர்க் குழாயை இழுத்து வந்து கேட்டின் கம்பிக்குள் நுழைத்தார். அன்று எல்லா வாளியும் நிறைய இரண்டு மணி நேரம் ஆனது. திரும்பி வரும்போது ஒருத்தி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, சப்புன்னு இருக்கு. இதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்றாள். சிரிப்பில் பாதித் தண்ணீர் சாலையில் சிந்தியது.

மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். துரை மாடியில் நின்று பார்ப்பார், உள்ளே போய்விடுவார். அரசாங்கக் குழாயை லயம் வரைக்கும் இழுக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதி எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். எழுதியது நான்தான். எனக்கு எழுத்து அழகாக இருக்கும் என்று அக்கா என்னை எழுதச் சொன்னார். பேச வேண்டாம், எழுதினால் போதும் என்பதால் சந்தோஷமாக எழுதினேன்.

இந்த வரிசை எனக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. துரை கார் வந்தால் ஓரமாக ஒதுங்கித் தலை குனிந்து நிற்கும் பெண்கள், அதே துரையின் கேட்டில் நிமிர்ந்து நின்றார்கள்.

இரண்டாவது வாரத்தில்தான் ஆண்கள் பம்பண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அவர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் மருந்து கலக்கல" என்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் போலீசைவிடப் பெரியது அது. பொய்ச் சத்தியம் செய்தால் மாரியம்மா அவர்கள் வீட்டில் ஓர் உயிரை எடுத்துக்கொள்வாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பம்பண்ணன் உடனே சொன்னார்: "அணைக்கிறேன். என் புள்ளையும் அந்தத் தண்ணியத்தான குடிக்குது?"

ஆனால் அவர் பிள்ளை அப்போது காய்ச்சலில் கிடந்தது. அவர் மனைவி குழாயடிக்கு வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவள் கடைசி ஆளாகப் பிடித்துக்கொண்டு போவாள். அவர் சத்தியம் செய்து, அதன்பின் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால், பிறகு அவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் மட்டுமல்ல, எந்தத் தோட்டத்திலும் இடம் இருக்காது.

அந்தப் புதன்கிழமை அம்மா குழாய் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். தண்ணீரை வடிகட்டப் பழைய வேட்டித் துண்டை எல்லோருமே குழாயில் கட்டிவைத்திருந்தோம். துணியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அம்மா அதை உரித்துச் சுண்டிவிட்டார்.

"வெட்டுக்காரி கை. எங்க தொட்டாலும் பால் ஒட்டும்," என்று சொல்லிவிட்டுத் துணியை அலசப் போனார்.

நான் கீழே கிடந்ததை எடுத்து இழுத்துப் பார்த்தேன். நீண்டது. விட்டேன், சுருங்கியது. ஆசிட் கலந்து உறைந்த பால். மரத்திலிருந்து வந்தது அல்ல, தட்டிலிருந்து வந்தது.

தட்டுகளைக் கழுவுகிறவள் நான்.

மழை பொய்த்ததிலிருந்து ஸ்டோர்க் குழாயில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் வருவதில்லை. "எங்கயாவது கழுவிட்டு வந்து சேரு" என்று கிராணி சொல்லியிருந்தார். மற்ற நேரத்தில் ஸ்டோர்க் கழிவு லயத்துக்குக் கீழே சதுப்பில் போய் விழும். தட்டுகளை ஓடைக்குக் கொண்டுபோவதென்றால் எல்லோரும் குட்டைக்குக் கீழே இருக்கும் கீழ்த்துறைக்குத்தான் போவார்கள். அங்கே பெண்கள் துணி துவைப்பார்கள். மரப்பாலத்தில் இளவட்டங்கள் உட்கார்ந்து கேலி பேசுவார்கள். முதல் நாள் நான் தட்டுகளைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் போனபோது, "என்ன தங்கச்சி, சீர்வரிசையா? மாப்பிள வீடு எங்க?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நான் யாரும் வராத மேல் ஓடைக்குப் போனேன். நல்ல நிழல். ஆள் அரவம் இல்லை. அங்கே பம்புக் குட்டைக்கு மேலே உட்கார்ந்து தினமும் இருபது முப்பது தட்டுகளையும் ஆசிட் டின்களையும் கழுவினேன்.

குட்டைக்கு மேலே கழுவுகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லையா? தோன்றவில்லை. ஆசிட்டும் அழுகிய பாலும் எங்கள் கையில், தலைமுடியில், சோற்றில்கூட இருந்த வாடை. அது தனியாக ஒரு நாற்றம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வெளியூர்க்காரர் ஒருவர் அந்தத் தண்ணீரை முகர்ந்திருந்தால் ஒரே நொடியில் சொல்லியிருப்பார். எங்களுக்கு மட்டும்தான் அது தெரியாமல் போகும்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் மீன் அலசிக்கொண்டிருந்தார்.

"என்னடி? மனுவுல ஏதும் தப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன். "எங்கடி இழுக்குற, கையெல்லாம் செதிலு" என்று திட்டிக்கொண்டே வந்தார். மேல் ஓடைக்குக் கூட்டிப்போய் நான் உட்காரும் பாறையைக் காட்டினேன். தண்ணீர் வற்றிய ஓடையில் கல்லுக்குக் கல் வெள்ளைத் துணுக்குகள். மர வேர்களில் நூல் நூலாக உறைந்த பால் தொங்கியது. அதற்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், குட்டையும் பம்புக் கொட்டகையும்.

அக்கா குனிந்து ஒரு துணுக்கை எடுத்து முகர்ந்தார். இழுத்துப் பார்த்தார்.

"யாருடி இங்க கழுவுனது?"

வகுப்பில் வாத்தியார் கேட்டால் தூக்குவது போலக் கையைத் தூக்கினேன்.

"எத்தன நாளா?"

"மழ நின்னதுலருந்து."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பிள்ளை செத்துப் பிழைத்தது என்னால். அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் திட்டு வந்தது.

"உனக்கு வாயில என்னடி, கட்டிப்பாலா? ஒரு வார்த்த முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா? ஊரு பூரா சொல்லிட்டு நிக்கிறேனே நானு!"

"நேத்துதான்க்கா எனக்கே..."

"வாய மூடு."

மூடினேன். அது எனக்குச் சுலபம்.

அப்புறம் அவர் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: "துரை ஆடிப்போயிருக்கான். நேத்து ஜாகாகிட்ட எத்தன பேருன்னு எண்ணச் சொன்னானாம். இன்னும் ரெண்டு வாரம் போனா எறங்கி வந்துருவான். இப்பப் போயி மருந்து இல்லன்னு சொன்னா ஒருத்தி வாளி எடுப்பாளா? மருந்துன்னதாலதான எல்லாரும் வந்தாளுங்க?"

எனக்கும் அது தெரியும். மனு எழுதியவள் நான். அந்த வரிசையைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்தவளும் நான்.

"பம்பண்ணே நாளைக்கி சூடம் அணைக்கப் போறாருக்கா," என்றேன். அன்று நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அக்கா எழுந்தார். சேலையைத் தட்டிக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போ. இனிமே இங்க கழுவாத," என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை. அன்று அம்மாவிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அலமாரி, தம்பியின் பாடப் புத்தகங்கள், அப்பாவின் படம். இதையெல்லாம் எந்த வண்டியில் ஏற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கோயிலில் நிற்க இடமில்லை. பம்பண்ணன் குளித்துத் திருநீறு பூசி, ஈர வேட்டியோடு வந்தார். அவர் மனைவி காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். பூசாரி தட்டில் சூடத்தை வைத்து ஏற்றினார். பம்பண்ணன் கையை நீட்டுவதற்குள் ஒரு கை குறுக்கே வந்து பட்டென்று அடித்துச் சூடத்தை அணைத்தது.

அக்காவின் கை.

"அவரு மருந்து கலக்கல. நான் சொன்னது தப்பு. அவரு தூளு போட்டத நான் பாத்தது நெசம். அது விசம்னு சொன்னது நானாச் சேத்துக்கிட்டது. அம்மா மேல சத்தியம்."

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டோர்க் குழாயில் தண்ணீர் நின்றது, யாரோ தட்டுகளை மேல் ஓடையில் கழுவியது, கல்லில் உறைந்த பால். என்னைச் சொல்லவில்லை.

கூட்டம் நம்பவில்லை. என் காதால் கேட்டேன்.

"இது துரை சொல்லிக்குடுத்த கத."

"நேத்து மத்தியானம் இவ வீட்டுல மீன் கொழம்பு வாசன வந்துச்சே. யாரு வாங்கிக் குடுத்தா?"

"அடப் பாவி, அஞ்சு காசு கெம்போங் மீனுக்கா நான் வெல போவேன்? எம் புள்ள ஆஸ்பத்திரில கெடந்துச்சுடா!" என்றார் அக்கா.

"அப்ப யாரு கழுவுனது? ஆளக் காட்டு!"

"காட்ட மாட்டேன்."

"ஆளே இல்ல, அதான் காட்டல," என்றான் பாலத்தில் என்னைக் கேலி செய்தவன்.

அக்கா சிவந்த உள்ளங்கையை இன்னொரு கையால் பிடித்திருந்தார். என்னைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சொல்லவில்லை. பெண்கள் வரிசையில் இருந்த என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

என் கை மேலே போனது. நான் தூக்கினேன் என்று சொல்ல முடியாது, அது போனது. கையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள், பிறகு எல்லோரும். அம்மா, "அடி, கைய எறக்குடி" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, அவருக்கும் விளங்கிவிட்டது. குழாய்த் துணியும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் இழுப்பதை விட்டுவிட்டார்.

நான்கு பேர் விளக்கு எடுத்துக்கொண்டு மேல் ஓடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்தவர்களில் இருவர் நம்பினார்கள். ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருவர், "பாலக் கொண்டுபோய் ஒட்டவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். எங்கள் தோட்டத்தில் கடைசி வரைக்கும் நம்பாதவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் இன்றும் ஈப்போவில் இருக்கிறார்கள், இன்றும் நம்பவில்லை. பார்த்தால் என்னிடம் அன்பாகத்தான் பேசுவார்கள்.

அக்கா அன்று கூட்டம் கலைவதற்குள் கோயில் படியில் ஏறி நின்று இன்னொன்றும் சொன்னார்: "மருந்து இல்ல. சரி. ஸ்டோருக்குத் தண்ணி நின்னுச்சு, பங்களாவுக்கு நின்னுச்சா? குழா ஏன் பங்களாவோட நிக்கிது? அதுக்கு ஒரு பதிலு கெடைக்கிற வரைக்கும் நான் வாளியோட போவேன். வர்றவங்க வாங்க."

"மருந்தே இல்லன்னா எதுக்கு வாளி?" என்று ஒருத்தி கேட்டாள். "பழைய தண்ணியே நல்லதுதான?"

நியாயமான கேள்வி. அக்கா படியிறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பள்ளத்து லயத்திலிருந்து வாளியோடு தனியாக வந்தார். செம்மண் சாலையில் வெயிலில் ஒரே ஓர் ஆள். இரண்டு லயத்து வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள். யாரோ "ஊர்கோலம் போகுது" என்றார்கள். அந்த எல்லாக் கண்களுக்கும் நடுவில் நடப்பதை நினைத்தாலே எனக்கு வீட்டுக்குள் ஓடிவிடத் தோன்றியது. ஆனால் முந்தைய நாள் கையைத் தூக்கிவிட்டேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? வாளியை எடுத்துக்கொண்டு இறங்கி அவருக்குப் பின்னால் நடந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். "செருப்பு போட்டியா? ரோடு சுடும்," என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவதாக வந்தவள் பம்பண்ணனின் மனைவி. எங்களை விட்டுப் பத்தடி தள்ளியே நடந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மொத்தம் ஒன்பது பேர். ஜாகா எண்ணிப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் எங்கே என்பது போலக் கையை விரித்தார்.

மறு வாரம் பதினைந்து பேர். அதற்கு மறு வாரம் இருபதுக்கு மேல். மருந்தை நம்பி வந்தவர்கள் அறுபது பேர் என்றால், குழாய் வேண்டும் என்று மட்டும் வந்தவர்கள் அதில் பாதியைத் தாண்டியதே இல்லை. ஆனால் அவர்கள் நிற்கும் விதம் வேறாக இருந்தது. வரிசையில் நின்று மனுவைப் பற்றிப் பேசினார்கள். சுகாதார இலாகாவுக்கு ஒரு நகல், தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு நகல் என்று என்னை எழுதவைத்தார்கள். ஒருநாள் ஓர் அதிகாரி வந்து போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். என்னைக் கிராணி ஒரு மாதம் புல் வெட்ட அனுப்பினார். வேலையிலிருந்து நிறுத்தவில்லை. "எங்கயாவது கழுவு" என்று சொன்னது அவர் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அக்காவைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். துணிச்சலாகப் பேசுகிறவர்களைப் பிறகும் நிறையப் பார்த்தேன். எண்பதுகளில் ஈப்போவுக்கு வந்து தொழிற்சாலையில் வேலை செய்தபோது, அங்கேயும் மேலாளர் இப்படிச் சதி செய்கிறார், அப்படிச் சதி செய்கிறார் என்று பேச்சு எப்போதும் இருந்தது. அதில் சிலது உண்மையாகவும் இருந்தது. ஆனால் தன் பேச்சால் சேர்ந்த கூட்டத்தின் முன்னால், கூட்டம் கலைந்துவிடும் என்று தெரிந்தே, "நான் சொன்னது தப்பு" என்று சொன்ன ஒருவரை அதற்குமுன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பெரியவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. சில வருடம் கழித்துத் தோட்டம் விற்கப்பட்டது. ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று அவர் கேட்டார். ஆமாம், சொன்னார். விற்கப்போகிறார்கள் என்றது சரி. விஷம் வைத்தார்கள் என்றது தப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது.

அரசாங்கக் குழாய் லயத்துக்கு வந்தது வாளி வரிசை தொடங்கி நாலைந்து மாதத்துக்குப் பிறகு. எங்களால் வந்ததா, அதிகாரியால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. லயத்துக்கு இரண்டு குழாய். பம்பு நின்றது. பம்பண்ணனுக்குப் புகைக்கூடத்தில் வேலை கொடுத்தார்கள். அவர் பிள்ளை தேறிவிட்டான். அவர் அக்காவைப் பார்த்தால் தலையசைப்பார். அவர் மனைவி மட்டும் அந்த நாலைந்து மாதமும் தினம் வாளியோடு கூட நடந்தும் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் பேசவைக்க முயலவில்லை. மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தனியாகக் கேட்டிருப்பார்.

குழாய் திறந்த அன்று நல்ல நெரிசல். அக்கா முதலில் பிடித்து, நிறைந்த வாளியை அங்கேயே வைத்துக்கொண்டு யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றது பம்பண்ணனின் மனைவி. நான் மூன்றாவது. அவள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"கொஞ்சம் நகருக்கா," என்றாள்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். தண்ணீர் அவர் காலில் சிந்தியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.